சர்க்கரைக்கும் காந்தம் உண்டு

ஆராய்ச்சி மையத்தின் வாசல் கதவில் ஒரு பொன்னிற வளையம் இருக்கிறது. முதல்முறை பார்க்கிறவர்கள் அதை வயிறு உப்பிய மீன் என்பார்கள். உள்ளே வேலை பார்க்கிறவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சொன்ன ஒருவர் இப்போது உள்ளே இல்லை.

அது மீன் அல்ல, வரைபடம். ஒரு பொருளை இரண்டு பெரிய காந்தங்களுக்கு நடுவே வைத்து, காந்தப் புலத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தால் இயந்திரம் ஒரு கோடு போடும். காந்தத்தோடு ஒட்டும் உறவும் இல்லாத பொருளென்றால் கோடு போன வழியிலேயே திரும்பி வரும். இரும்பைப் போலக் காந்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருளென்றால் போவது ஒரு வழி, வருவது ஒரு வழி. நடுவில் ஒரு தொப்பை விழும். துத்தநாக ஆக்சைடுக்குத் தொப்பை விழுந்த கதைதான் மையத்தின் கதை.

துத்தநாக ஆக்சைடு வெறும் வெள்ளைப் பொடி. கைக்குழந்தைக்குத் தொடை சிவந்தால் பூசுகிற களிம்பில் இருப்பது. காந்தத்தைக் கண்டால் அது திரும்பிக்கூடப் பார்க்காது என்றுதான் உலகம் நினைத்திருந்தது. அதையே கண்ணுக்கு எட்டாத நுண்துகளாக்கினால் காந்தமாகிவிடுகிறது என்று மையம் அறிவித்தது. அன்றிலிருந்து வளையம் கதவில் ஏறியது, தேநீர்க் கோப்பையில் ஏறியது, இயக்குநரின் டையில் ஏறியது. வளையத்தின் தொப்பை ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் பெருத்து வந்தது. இயக்குநருடையதும் அப்படியே. இரண்டைப் பற்றியும் மையத்தில் யாரும் பேசுவதில்லை.

இந்தப் பொடியை அளக்கிற வேலை இளையவளுடையது. வீட்டில் அவள் அக்காவுக்கு இளையவள். மையத்தில் எல்லோருக்கும் இளையவள். நாமும் அப்படியே அழைப்போம். பொடியை எவர்சில்வர் இடுக்கியால் அள்ளி, மாத்திரைக் கூட்டுக்குள் போட்டு, இடுக்கி முனையாலேயே குத்திக் கெட்டியாக்கி, இயந்திரத்தில் மாட்டுவாள். தொப்பை விழும். அச்சடித்துக் கொடுப்பாள். கட்டுரையில் கடைசிப் பெயராக அவள் பெயரும் வரும்.

ஒருநாள் அந்த இடுக்கியைக் கண்காட்சிக்கு எடுத்துப் போய்விட்டார்கள். 'வரலாறு படைத்த கருவி' என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டுமாம். இளையவள் முதலுதவிப் பெட்டியைக் குடைந்து, முள் எடுக்கிற பிளாஸ்டிக் இடுக்கி ஒன்றைக் கண்டுபிடித்து அன்றைய வேலையை முடித்தாள்.

தொப்பை விழவில்லை. கோடு போன வழியே சமர்த்தாகத் திரும்பி வந்தது.

இயந்திரத்தைத் தட்டிப் பார்த்தாள். புதுப் பொடி எடுத்தாள். கோடுதான். கண்காட்சி முடிந்து எவர்சில்வர் இடுக்கி வந்தது; தொப்பையும் கூடவே வந்தது. மாற்றி மாற்றிப் பார்த்தபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. தேய்ந்துபோன இடுக்கி முனையிலிருந்து, தூசிக்கும் தூசியான இரும்பு ஒவ்வொரு குத்துக்கும் பொடியில் உதிர்ந்துகொண்டிருந்தது. இத்தனை ஆண்டுகளாக மையம் கண்டுபிடித்தது இடுக்கியை.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

"பிளாஸ்டிக்கை யாரும்மா தொடச் சொன்னது?"

"எவர்சில்வர் கண்காட்சிக்குப் போயிருந்துச்சு சார்."

"அப்ப அளக்காம இருந்திருக்கணும். லீவு போட்டிருக்கணும். உன்மேல இதுவரைக்கும் ஒரு புகார் வந்ததில்ல. இப்படித் திடீர்னு சுத்தமா வேலை பார்த்தா எப்படி?"

"ரெண்டு இடுக்கியிலயும் மாத்தி மாத்திப் பார்த்தேன் சார். காந்தம் பொடியில இல்ல."

"பிளாஸ்டிக் பட்டதும் காந்தம் போயிடுது. அதைத்தானே நீ சொல்ற?"

"இல்ல சார்."

"அதைத்தான் சொல்ற. பிளாஸ்டிக் காந்தத்தை உறிஞ்சுது. எப்படி உறிஞ்சுதுன்னு கண்டுபிடி, தனிக் கட்டுரையாப் போட்டுடலாம். இந்தத் தடவை உன் பேரை நடுவுல போடறேன்."

சாதாரண நாளாக இருந்திருந்தால் இளையவள் நடுப் பெயரோடு திருப்திப்பட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். அவள் அப்படியொன்றும் வீராங்கனை இல்லை. ஆனால் மையம் அந்த மாதம்தான் காந்த மருந்தை அறிவித்திருந்தது. மருந்தை இந்த நுண்துகளில் ஏற்றி ரத்தத்தில் விடுவார்கள். உடம்புக்கு வெளியே, கட்டிக்கு நேராக ஒரு காந்தப் பட்டையைக் கட்டுவார்கள். மருந்து அங்கே இங்கே அலையாமல் நேராகக் கட்டிக்குப் போய்ச் சேரும். கத்தி இல்லை, தையல் இல்லை. முதல் சோதனைக்கு நோயாளிகள் பெயர் கொடுக்கலாம்.

அக்காவுக்கு ஈரலில் கட்டி. அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள்.

அன்று மாலை இளையவள் வீட்டுக்குப் போனபோது அக்கா கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பல நாளாக இல்லாத களை.

"ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்டி."

"யாரைக் கேட்டுக்கா?"

"யாரைக் கேக்கணும்? வயிறு என்னுதுதானே. உங்க ஆபீஸ் மருந்துக்குப் பேரு குடுத்தாச்சு. அத்தான்தான் போய் எழுதிட்டு வந்தாரு."

அத்தானுக்கு மோட்டார் காயில் சுற்றுகிற தொழில். காந்தத்தின்மேல் அவருக்கு மாமனாரிடம் இல்லாத மரியாதை உண்டு. "தண்ணி மோட்டார் என்ன, மின்விசிறி என்ன, எல்லாம் ஓடுறது காந்தத்துல" என்றார் அறைக்குள்ளிருந்து. "மருந்து ஓடாதா?"

"அக்கா, அந்தப் பொடி காந்தத்துகிட்ட போகாது. நான் அளந்து பார்த்துட்டேன்."

"நீ அளந்துதானே போகுதுன்னு எழுதியிருக்கே. அத்தான் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்காரு, பாரு." சுவரில் கட்டுரையின் முதல் பக்கம் கண்ணாடிக்குள் இருந்தது. கடைசிப் பெயரின்மேல் ஒரு குங்குமப் பூ நிறக் கோடு.

"அது தப்புக்கா."

"தப்பை எதுக்குடி அச்சுல போட்டே?"



அக்கா ஒரு சட்டையை உதறி மடித்தாள். அவள் குரல் இறங்கியது. "எனக்குக் கத்தின்னா பயம், உனக்குத் தெரியும். உங்க மையமே தப்புன்னு சொல்லட்டும், நாளைக்கே போய்ப் படுத்துக்கறேன். நீ ஒருத்தி சொல்றேன்னு நான் வயித்தைக் கிழிச்சுக்க முடியாது."

ஆக, மையம் வாய்திறந்து தப்பு என்று சொல்ல வேண்டும். கட்டி அதுவரை காத்திருக்குமா என்று யாரும் கட்டியைக் கேட்கவில்லை.

இளையவள் எழுத்தில் கொடுத்தாள். மையம் உடனே விசாரணைக் குழு அமைத்தது. உடனே என்பது மையத்தின் கணக்கில். தலைவராக ஓய்வுபெற்ற ஆட்டு நோய் நிபுணர் ஒருவர் வந்தார். காந்தம் தெரிந்தவர்களைப் போட்டால் ஒருபக்கச் சார்பு வந்துவிடும் என்று இயக்குநர் விளக்கினார்.

குழு கூடுவதற்கு முன்பே முன்னெச்சரிக்கை நடவடிக்கைகள் தொடங்கின. காந்தத்தை உறிஞ்சுகிற பிளாஸ்டிக் மையத்துக்குள் வரக் கூடாது. கேன்டீனில் கரண்டிகளும் தட்டுகளும் பறிமுதலாயின. எல்லோரும் கோப்பை மூடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். துப்புரவுப் பெண்ணின் வாளி வாசலிலேயே தடுக்கப்பட்டது. சட்டையில் பிளாஸ்டிக் பட்டன் வைத்திருந்த ஆய்வாளர்கள் பட்டன்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சட்டையை ஒரு கையால் பிடித்தபடி மறு கையால் ஆராய்ச்சி செய்தார்கள். எவர்சில்வர் இடுக்கிக்கு வெல்வெட் மெத்தை வந்தது. காவலுக்கு ஆள் வந்தார். அவருடைய விசிலை முதல் நாளே பிடுங்கிவிட்டார்கள், அது பிளாஸ்டிக்.

குழு ஒருவழியாகக் கூடியது. இளையவள் பொடியை இரண்டு விதமாகவும் அளந்து காட்டினாள். ஆட்டு நோய் நிபுணர் இரண்டு வரைபடங்களையும் தூக்கிப் பார்த்தார்.

"இது கொழுத்திருக்கு. இது மெலிஞ்சிருக்கு. மெலிஞ்சதுக்கு என்ன தீனி போட்டீங்க?"

"ஒரே பொடிதாங்க. இடுக்கிதான் வேற."

"அப்ப பராமரிப்பு சரியில்ல."

பேராசிரியர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

இளையவளுக்கு அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. இவர்களுக்குப் பச்சைக் குழந்தைக்குக் காட்டுவதுபோலக் காட்டினால்தான் ஆகும் என்று தோன்றியது. குழுவினருக்கு வந்திருந்த தேநீர்த் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை சர்க்கரையை எவர்சில்வர் இடுக்கியால் அள்ளினாள். கூட்டுக்குள் போட்டாள், குத்தினாள், மாட்டினாள். தொப்பை விழுந்தது.

"பாருங்க. சர்க்கரைக்கும் காந்தம் வந்துடுச்சு. சர்க்கரையில காந்தம் இருக்க முடியாதுன்னு எல்லாருக்கும் தெரியும். அப்ப இது எங்கேருந்து வருது?"

எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இளையவள் அதைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. உண்மை உறைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"சர்க்கரைக்குமா?" என்றார் இயக்குநர், மெல்ல. அவர் கண்கள் கலங்கியிருந்தன. "அப்ப இது துத்தநாகத்தோட நிக்கற விஷயம் இல்ல."

"இனிப்புக்கும் உண்டுன்னு எழுதிக்குங்க" என்றார் ஆட்டு நோய் நிபுணர்.

மறுநாள் பத்திரிகையாளர் கூட்டம். மேடையில் ஆள் உயர வளையம். அதன் தொப்பைக்குள் ஒரு கிண்ணம் சர்க்கரை. இளையவளை முன்வரிசையில் உட்கார்த்தியிருந்தார்கள். எழுந்து ஓட முடியாதபடி இரண்டு பக்கமும் பேராசிரியர்கள்.

இயக்குநர் பேசினார்.

"மற்ற நாடுகளிலும் இதே பொடியை அளக்கிறார்கள். இல்லை என்று எழுதுகிறார்கள். ஏன் தெரியுமா? அவர்கள் காந்தம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நாம் இருக்கிறது என்று பார்க்கிறோம். ஆராய்ச்சிக்கு அடிப்படை தன்னம்பிக்கை. முடிவு தெரிந்த பிறகுதான் சோதனையில் இறங்க வேண்டும். தெரியாமல் இறங்கினால் என்ன வருமோ என்ற பயத்திலேயே இருக்க வேண்டியதுதான். நான் இந்த நாற்காலிக்கு வந்த நாளிலிருந்து எனக்குப் பிடிக்காத ஒரு முடிவுகூட இந்த மையத்திலிருந்து வெளியே போனதில்லை. இதை வேறு எந்த இயக்குநராவது சொல்ல முடியுமா? நம் இளைய விஞ்ஞானி தவறு ஒன்றைக் காட்டத்தான் சர்க்கரையை அளந்தார். தவறைத் தேடிப் போகிறவர்களுக்குக்கூட இங்கே கண்டுபிடிப்புதான் கிடைக்கிறது."

கைதட்டல் ஓயவில்லை. இளையவள் எழுந்து, "இது தப்பு, இடுக்கியில இருக்கிற இரும்பு இது" என்றாள். "தன்னடக்கம்" என்றார் இயக்குநர் ஒலிபெருக்கியில். கைதட்டல் மறுபடி எழுந்தது.

வாரக் கடைசிக்குள் 'அன்றாடப் பொருள் காந்தவியல் துறை' தொடங்கப்பட்டது. அதற்கு அவளைத்தான் தலைவர் ஆக்கினார்கள். தனி அறை, தேக்கு மேசை, பித்தளைப் பெயர்ப்பலகை. துறையில் சோப்பை அளந்தார்கள், காந்தம். சாக்குக் கட்டி, காந்தம். மெழுகுவர்த்தி, பஞ்சு, இயக்குநர் வெட்டிப் போட்ட நகம், எல்லாம் காந்தம். உதவியாளர் ஒருவர் ஆர்வக் கோளாறில் பிளாஸ்டிக் சீப்பின் பல்லையும் அளந்துவிட்டார். அதற்கும் தொப்பை விழுந்தது. துறையின் கொள்கைக்கு ஒத்துவராததால் அந்த முடிவு பதிவு செய்யப்படவில்லை.

அக்கா தொலைபேசியில் சிரித்துக்கொண்டே பேசினாள். "தலைவராயிட்டியாமே. அத்தான் தெரு பூரா சொல்லிட்டு வந்துட்டாரு. தப்புப் பண்ணினவளை யாராவது தலைவராக்குவாங்களாடி? நீ சின்ன வயசிலேருந்தே அப்படித்தான். பரீட்சை எழுதிட்டு வந்து ஃபெயிலாயிடுவேன்னு அழுவே, அப்புறம் முதல் மார்க்கு."

"அக்கா, டாக்டர் என்ன சொன்னாரு?"

"வளருதாம். வளரட்டும். மருந்துக்குப் பெரிசா இருந்தாதான் தேட வேண்டியதில்ல."

இளையவள் தொலைபேசியை வைத்துவிட்டு மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ராஜினாமா செய்யலாம். செய்தால் பொறாமையால் போனாள் என்பார்கள். அக்கா அப்போதும் அந்த மருந்துக்கான வரிசையில்தான் நிற்பாள்.

நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. தகுதி பார்க்கிற மேசையில் யாரை உட்கார வைப்பது என்று கேள்வி எழுந்தபோது, புதுத் துறையின் தலைவரைவிடப் பொருத்தமானவர் யார் என்றார் இயக்குநர். நிபந்தனை ஒன்றே ஒன்று. உடம்புக்குள் பிளாஸ்டிக் இருக்கக் கூடாது. இருந்தால் அது காந்தத்தை உறிஞ்சி, மருந்தை வழியிலேயே மடக்கிவிடும். மற்ற பரிசோதனைகளுக்கு நேரமில்லை.

நீண்ட நடைவழி. பச்சைச் சுண்ணாம்பு அடித்த சுவர். சுவரோரமாக நோயாளிகள் நின்றார்கள், கையில் ஸ்கேன் படச் சுருள்களும் தண்ணீர் பாட்டிலுமாக. பாட்டில்களைக் காவலர் பிடுங்கிக்கொண்டிருந்தார். பாதி தூரத்தில் அக்கா. தங்கையைப் பார்த்ததும் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, தெரியாதவள்போல முகத்தை வைத்துக்கொண்டாள். சலுகை கேட்டதாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்று.

முறை வந்தது. உட்கார்ந்தாள்.

"உள்ளே பிளாஸ்டிக் எதாவது வச்சிருக்காங்களா?" இளையவளின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"எனக்கென்ன பிளாஸ்டிக்? ஒண்ணுமில்ல மேடம்." அக்கா கண்ணைச் சிமிட்டினாள்.

சிமிட்டிய கண்ணில் சன்னல் வெளிச்சம் பட்டு மின்னியது. புரை எடுத்து லென்ஸ் வைத்த கண்.

"கண்ணுல லென்ஸ் இருக்கு" என்றாள் இளையவள். "பிளாஸ்டிக்."

"அது கண்ணுலடி. கட்டி ஈரல்ல."

"ரத்தம் கண்ணுக்கும் போகுதுல்ல. மருந்து அங்கேயே மடங்கிடும். தகுதி இல்லை." கையெழுத்துப் போட்டாள். முத்திரை குத்தினாள். பொய்யை இவ்வளவு சரளமாகச் சொல்ல முடிகிறதே என்று ஒரு நொடி திகைத்தாள். பிறகுதான் தெரிந்தது, இது மையத்தின் முறை. இங்கே எல்லோருக்கும் வருகிறது.

அக்கா எழுந்திருக்கவில்லை. "எத்தனை நாளாடி என்னைத் தள்ளிவிடக் காத்திருந்தே?"

"அக்கா..."

"மையமே வேண்டாம்னு சொல்லிடுச்சு. சரி. கத்திக்கே போறேன். ஆனா நீ ஆஸ்பத்திரிப் பக்கம் வந்துடாதே. நான் கண்ணைத் திறக்கும்போது உன் மூஞ்சி எதிர்ல இருக்கக் கூடாது."

அத்தான் அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார். அவர் இளையவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா கத்திக்குப் போகிறாள். அது போதும் என்று இளையவள் மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். போதும் என்றுதான் நினைத்தாள். அடுத்தவர் வந்து உட்காரும்வரை.

அடுத்து வந்தது ஓர் ஆசிரியை. பல் செட் வைத்திருந்தார். தகுதி இல்லை. அடுத்து ஒரு தையற்காரர். குடலிறக்கத்துக்கு பிளாஸ்டிக் வலை வைத்துத் தைத்திருந்தார்கள். தகுதி இல்லை. அதற்கடுத்த பெண்மணியிடம் தேடித்தேடிக் கடைவாயில் அடைத்த பல் ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஒவ்வொருவரும் எழுந்து போகும்போது வரிசையில் முணுமுணுப்பு ஏறியது. பேராசிரியர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு ஒரு லாரி ஓட்டுநர் வந்து உட்கார்ந்தார். முகம் மஞ்சள் பூத்திருந்தது. தோள் மட்டும் இன்னும் லாரி ஓட்டுகிற தோள்.

"லென்ஸ், பல்லு, தையல், எதாவது?"

"ஒண்ணுமில்ல மேடம். ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்ல. இந்தக் கட்டிதான் முதல்ல கூட்டிட்டுப் போச்சு."

"வாயைத் திறங்க."

திறந்தார். அத்தனையும் சொந்தப் பல்.

"சட்டை பட்டன்?"

அவர் சட்டையைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். ரப்பர் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார். பையிலிருந்த சீப்பை எடுத்துத் தூரப் போட்டார். வெற்று மார்போடு, விலா எலும்பு தெரிய, பள்ளிக்கூடத்தில் எடை பார்க்க நிற்கிற பையனைப்போல நின்றார்.

"இன்னும் என்ன மேடம் கழட்டணும்?"

இளையவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எதையும் கழட்ட வேண்டாம்ணே. உட்காருங்க. இந்த மருந்து கட்டிக்குப் போகாது. பொடியில காந்தமே இல்ல. அளக்கற இடுக்கியில இருந்த இரும்பைப் பார்த்து நாங்க ஏமாந்துட்டோம். டாக்டர் தேதி குடுத்திருந்தா அங்க போங்க. இன்னைக்கே போங்க."

ஓட்டுநர் பித்தளைப் பெயர்ப்பலகையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மேசைமேல் குனிந்து, சிநேகமாக, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யாருக்கு மேடம் இடம் பிடிச்சு வச்சிருக்கீங்க?"

"யாருக்கும் இல்லண்ணே."

"இருக்கும். காலையிலேருந்து பார்க்கிறேன், ஒவ்வொருத்தரா வெட்டி விடறீங்க. கண்ணுங்கறீங்க, பல்லுங்கறீங்க. என்கிட்ட ஒண்ணும் கிடைக்கலேன்னதும் மருந்தே சரியில்லேங்கறீங்க. சரியில்லாத மருந்துக்கு யாராவது இத்தனை காவல் போடுவாங்களா?"

அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. நடைவழியின் கடைசிவரை கேட்கும்படி சொன்னாள். மருந்து போகாது, காந்தம் இல்லை, நான்தான் அளந்தவள், வீட்டுக்குப் போங்க, டாக்டர்கிட்ட போங்க. சொன்னதையே திரும்பவும் சொன்னாள்.

எல்லோரும் கேட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வரிசை கலையவில்லை. பின்னால் நின்றவர்கள் ஓரடி முன்னால் வந்தார்கள், முன்னால் நின்றவர்கள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் வேறு யாரும் நுழைந்துவிடாதபடி, ஒருவர் முதுகோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.